புகார் வந்த மறுநாளே ஒரு பிரபலத்தை நிறுவனம் நீக்குவது நியாயமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: வானொலி அறிவிப்பாளர் ஒருவர் மேல், கூட வேலை செய்த பெண் பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தார். மறுநாளே நிலையம் அவரை நீக்கிவிட்டது. நிலையம் பெண்ணின் பக்கம் நின்றது என்று பலர் பாராட்டுகிறார்கள். இது நியாயமா?

நியாயமில்லை. முக்கியமாக, அந்தப் பெண்ணுக்கு நியாயமில்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தொழிற்சங்கப் பிரதிநிதியாகப் பல விசாரணைகளில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மறுநாளே ஆளை அனுப்பிவிட்டால் விசாரணை நடக்காது. என்ன நடந்தது என்று யாரும் எழுதி வைக்க மாட்டார்கள். அவர் வேறொரு நிலையத்துக்குப் போய், "பொறாமையில் கிளப்பிவிட்ட கதை" என்பார். அதை மறுக்க அந்தப் பெண்ணிடம் ஒரு தாள்கூட இருக்காது. மேலதிகாரிகளுக்கு முன்பே தெரியுமா, இதற்கு முன் யாராவது சொல்லி மூடி மறைத்தார்களா என்பதையெல்லாம் கேட்கவே ஆள் இருக்காது. நிலையத்துக்கு மட்டும் நல்ல பெயர்.

அப்படியானால் அவர் தினமும் வந்து அந்தப் பெண்ணுக்கு எதிரில் உட்கார வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். முழுச் சம்பளத்தோடு அவரை சஸ்பெண்ட் செய்யலாம். முன்னெச்சரிக்கையாகச் செய்யும் சஸ்பெண்டுக்கு முன்னால் அவரிடம் விளக்கம் கேட்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை என்று 2019-இல் தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெண்ணுக்குப் பாதுகாப்பு அன்றைக்கே கிடைக்கும். தீர்ப்பு மட்டும் விசாரணை முடியும் வரை காத்திருக்கும்.

"கோர்ட் தண்டிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கம்பெனி விசாரணைக்குக் குற்றவியல் வழக்கு அளவுக்கு ஆதாரம் தேவையில்லை. இரண்டு தரப்பையும் கேட்டு, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று முடிவெடுத்தால் போதும். தொல்லை நடக்கிறது என்று தெரிந்தும் கைகட்டி இருந்தால், வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 60-ஆம் பிரிவுப்படி முதலாளியே பொறுப்பாவார்.

அவசரத்துக்கு இன்னொரு விலையும் உண்டு, இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. 1995 தொழிலுறவுச் சட்டம் நீக்கத்துக்கு நியாயமான காரணம், நியாயமான நடைமுறை இரண்டையும் கேட்கிறது. நீக்கப்பட்டவர் 30 நாளுக்குள், வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சி.சி.எம்.ஏ.வுக்குப் போகலாம். உண்மையிலேயே தப்பு செய்தவராக இருந்தாலும், நடைமுறை தவறிவிட்டால் அவருக்கு 12 மாதச் சம்பளம் வரை இழப்பீடு கிடைக்க வாய்ப்புண்டு. அன்று அவர் ஜெயித்தவராகத்தான் வெளியே வருவார். புகார் கொடுத்தவளைப் பொய்க்காரி என்று ஊர் பேசும்.

"அவர் ஃப்ரீலான்ஸ்தானே, ஒப்பந்தத்தை முறித்தால் முடிந்தது" என்று நிலையங்கள் நினைப்பதுண்டு. ஃப்ரீலான்ஸ் என்று பெயர் வைத்திருந்த ஒலிபரப்பாளர் மெக்கென்ஸி, உண்மையில் தென்னாப்பிரிக்க அரசு ஒலிபரப்பு நிறுவனமான எஸ்.ஏ.பி.சி.யின் ஊழியர்தான் என்று 1999-இலேயே தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016 ஜனவரியில், ஒரு ட்வீட்டால் எழுந்த கொந்தளிப்பில், வானொலிப் பிரபலம் கேரத் கிளிஃபை 'ஐடல்ஸ்' பாட்டுப் போட்டியின் நடுவர் இடத்திலிருந்து எம்-நெட் தொலைக்காட்சி விலக்கியது. அதே மாதம் உயர் நீதிமன்றம் அவரைத் திரும்ப உட்கார வைத்தது. அது பேச்சைப் பற்றிய விவகாரம், தொல்லைப் புகார் அல்ல. ஆனாலும் கூச்சலுக்குப் பயந்து எடுத்த முடிவு எவ்வளவு நாள் நிற்கும் என்பது அதில் தெரிகிறது.

இங்கே நம் தமிழ்ச் சமூகம் சின்னது என்பதையும் மறக்கக்கூடாது. டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ, வானொலியில் பேசுகிறவரே தமிழ்ப் புத்தாண்டு மேடையிலும் மைக் பிடிப்பார். புகார் கொடுத்தவள் யார் வீட்டுப் பெண் என்பது கோயில் வாசலில் பேச்சாகிவிடும். விசாரணை முடியும் வரை கோயில் கமிட்டிகள் அவரை மேடைக்கு அழைக்காமல் இருக்கலாம். அது தண்டனை ஆகாது. அந்தப் பெண்ணின் அம்மாவிடம் போய் "விஷயம் உண்மையா?" என்று கேட்பதுதான் பெரிய தப்பு.

இதையெல்லாம் விட மோசம், "பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்தோம்" என்று ஒரு வரி அறிக்கை விட்டு, இருவரிடமும் வாய் திறக்கக்கூடாது என்று கையெழுத்து வாங்குவது. அவள் கடைசி வரை மௌனமாக இருக்க வேண்டும், அடுத்த நிலையத்தில் உள்ள பெண்களுக்கு ஒன்றும் தெரியாது.

நீங்கள் அந்த நிலையத்தின் நேயர் என்றால், அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள்: விசாரணை நடந்ததா, வெளியாள் யாராவது நடத்தினார்களா, புகார் கொடுத்தவர் இன்னும் அங்கே நிம்மதியாக வேலை செய்கிறாரா? அவர் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.