விடுப்பு எடுத்தும் தீராத சோர்வு

கேள்வி: எனக்கு வயது 39. ஒரு நிறுவனத்தின் நிதிப் பிரிவுக்குத் தலைமை வகிக்கிறேன். இந்த ஆண்டு பதவி உயர்வும் கிடைத்தது. ஆனால், காலையில் அலுவலகத்தில் காரை நிறுத்திய பின் இறங்க மனம் வராமல், இருபது நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். பத்து நாள் விடுப்பு எடுத்தேன். திரும்பிய இரண்டாம் நாளே பழைய நிலைதான். எனக்கு மன உறுதி குறைந்துவிட்டதா?

பதில்: இல்லை, அம்மா. அந்த இருபது நிமிடத்தைப் படித்தபோது என் மனம் கனத்துப்போயிற்று. உங்களைப் போன்றவர்களுக்கு முதலில் உறக்கம் குறையும், பிறகு வீட்டாரோடு பேச்சு குறையும்; வேலையின் தரம் மட்டும் கடைசியில்தான் குறையும் என்பதால், நீங்கள் தளர்ந்துபோனது அலுவலகத்தில் எவர் கண்ணிலும் படுவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் இந்தப் பணிச்சோர்வை ஒரு நோயாகக் கருதவில்லை. சரிவரக் கையாளப்படாத நெடுநாள் பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே 2019-இல் விளக்கியது. ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது அல்லது அதன்மீது கசப்பு ஏற்படுவது, செயல்திறன் குறைவது ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். காரணம் வேலையின் அமைப்பில் இருக்கும்போது விடுப்பு மட்டும் எப்படித் தீர்வாகும்? நீங்கள் இல்லாத பத்து நாளிலும் உங்கள் மேசையில் வேலை சேர்ந்துகொண்டுதானே இருந்தது?

ஆகவே, ஓய்வைக் கூட்டுவதற்கு முன் சுமையைக் குறையுங்கள். ஒரு வாரம் நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையையும், அது எடுத்துக்கொண்ட நேரத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். பிறர் செய்யக்கூடியதாக இருந்தும், "நானே முடித்துவிடுகிறேன்" என்று நீங்கள் இழுத்துப்போட்டுக்கொண்டவை அதில் கண்டிப்பாக இருக்கும். அந்தத் தாளோடு மேலதிகாரியிடம் செல்லுங்கள். களைப்பாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால் இன்னும் இரண்டு நாள் விடுப்பு தருவார். எதை நிறுத்தலாம், எதை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று கேட்டால்தான் முடிவொன்று சொல்ல வேண்டியிருக்கும்.

வார நேரக் கணக்கையும் கூட்டிப் பாருங்கள். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ 35 விழுக்காடு கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இதை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மேலதிகாரியிடம் பேசும்போது உங்களுக்கு வரக்கூடிய தயக்கத்தை இந்த எண் சற்றுக் குறைக்கும்.

இதற்கிடையில் ஒரு மருத்துவரையும் பாருங்கள். இரத்தச்சோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு நோய் ஆகியவையும் இதே களைப்பைத் தரும். அவற்றுக்கு உரிய சிகிச்சை உண்டு. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை தோன்றியிருந்தாலும், அன்றே மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். எந்த மருத்துவரானாலும், எனக்கு எழுதியது போலவே அந்த இருபது நிமிடத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.