ஆறடிப் பலகையில் நீலகிரி மலை ரயில்: எங்கிருந்து தொடங்குவது?

கோவை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜப்பானில் வேலை பார்க்கும் தம்பி ஒரு சின்ன ரயில் செட் வாங்கி வந்தான். என்-கேஜ், 9 மி.மீ. தண்டவாளம். வீட்டில் ஆறடிக்கு இரண்டடி இடம் ஒதுக்கியிருக்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை குகை, பாலம், தேயிலைத் தோட்டம் எல்லாம் வைத்து மலை ரயிலைச் செய்ய ஆசை. பிளைவுட் வாங்கும் முன் எதையெல்லாம் யோசிக்க வேண்டும்?"

பிளைவுட்டுக்கு முன் ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். என்-கேஜ் மாதிரிகள் பெரும்பாலும் நிஜத்தில் 160-ல் ஒரு பங்கு. ஜப்பானில் 150-ல் ஒரு பங்கு. நீலகிரி ரயில் மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1000 மி.மீ. 160-ல் ஒரு பங்கில் அது 6.25 மி.மீ. ஆகிவிடும். உங்களிடம் இருப்பது 9 மி.மீ. பாதை. அதன் மேல் அந்த அளவுப் பெட்டிகளை ஓடவிட்டால், பார்ப்பவருக்கு அகலப் பாதை ரயிலாகத்தான் படும். ஊட்டி ரயிலின் ஒடுக்கமான நிற்பு வராது.

ஆகவே பாதையை மாற்றாதீர்கள், அளவை மாற்றுங்கள். பெட்டி, கட்டடம், மனிதர், மரம் எல்லாவற்றையும் 120-ல் ஒரு பங்காகச் செய்யுங்கள். அப்போது 9 மி.மீ. என்பது நிஜத்தில் 1080 மி.மீ. ஆகிறது. மீட்டர் கேஜுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் உங்கள் மேஜையில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. தம்பி வாங்கி வந்த தண்டவாளமும் மோட்டாரும் அப்படியே பயன்படும். இந்த அளவில் இன்னொரு வசதி: ஒரு அடி என்பது மிகச் சரியாக அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. ஏழடிக் கதவு, அங்குலத்தில் பத்தில் ஏழு பங்கு. ஐந்தரை அடி ஆள், 14 மி.மீ. கால்குலேட்டர் இல்லாமலே எதையும் அளந்து வெட்டலாம்.

அடுத்தது நீளம். மேட்டுப்பாளையம்–ஊட்டி 46 கிலோமீட்டர். 120-ல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 380 மீட்டருக்கு மேல் வரும். உங்கள் ஆறடியோ நிஜத்தில் சுமார் 220 மீட்டர், ஒரு சின்ன ஸ்டேஷனும் அதன் இரு முனைகளும் அடங்கும் தூரம். பாதை நெடுக 16 குகை, 250 பாலம், 208 வளைவு என்று கேட்கும்போது எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வைக்கத்தான் தோன்றும். நானும் முதல் மாதிரியில் அப்படித்தான் செய்தேன். ஐந்து குகை, மூன்று பாலம், நடுவில் ஒரு ஏரி. முடித்துவிட்டுப் பார்த்தபோது நீலகிரி அதில் எங்கேயும் இல்லை. ஒரு பூங்காவில் பொம்மை ரயில் சுற்றுவது போல இருந்தது. ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த இடத்துக்கு ஆறடியையும் முழுசாகக் கொடுங்கள்.

என் தேர்வு ஹில்குரோவ். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே, பல்சக்கரப் பாதையில் (இன்ஜினின் பல்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்தண்டைப் பற்றி ஏறும் பகுதி) இருக்கும் சிறு நிலையம். மேலேறும் நீராவி இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும். பயணிகள் இறங்கி டீ குடிப்பார்கள். குரங்குகள் பையைக் குறிவைக்கும். ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் பள்ளத்தாக்கு. ஒரு மாதிரிக்கு வேண்டிய எல்லாமே அங்கே தானாக அமைந்திருக்கிறது.

இந்த வேலையில் நான் மிக முக்கியமாக நினைப்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். மலைப்பாதையைக் காட்டிக்கொடுப்பது மேலே நிற்கும் மலையைவிடக் கீழே விழும் பள்ளம்தான். தட்டையான பலகையில் தண்டவாளத்தைப் பதித்து, பின்னால் உயரமாக மலை எழுப்பினால் அது சமவெளி ரயில்தான். தண்டவாளம் பலகையிலிருந்து 12 முதல் 15 செ.மீ. உயரத்தில் போகட்டும், முன்பக்கத்தில் நிலம் அதற்குக் கீழே சரிந்து, பலகையின் விளிம்பையும் தாண்டிப் போவது போல அறுபடட்டும். ரயிலுக்குக் கீழே ஒரு கல் தடுப்புச்சுவர், அதற்குக் கீழே மரங்களின் உச்சி மட்டும். இதைச் செய்துவிட்டால் மற்ற குறைகள் பாதி மறைந்துவிடும். மேஜை உயரத்தில் வைக்காமல், நிற்பவரின் நெஞ்சு உயரத்தில் வையுங்கள். மேலிருந்து பார்த்தால் பொம்மை. பக்கவாட்டில் பார்த்தால்தான் ரயில்.

இதற்காகத்தான் முழுப் பலகை வேண்டாம் என்கிறேன். 9 மி.மீ. மரைன் பிளையைப் பட்டைகளாக அறுத்து, நிற்கவைத்து ஒரு சட்டம் கட்டுங்கள். தண்டவாளம் போகும் இடத்தில் மட்டும் மேலே ஒரு பட்டை. இடைவெளியை வெளிர்நீலம் அல்லது இளஞ்சிவப்பில் வரும் அடர்த்தியான எக்ஸ்பிஎஸ் ஃபோம் பலகையால் நிரப்பி, கத்தியால் செதுக்குங்கள். சாதாரண தெர்மோகோல் உதிரும்; உதிர்ந்த மணிகள் இன்ஜினுக்குள் போகும். பிளையின் எல்லாப் பக்கமும், அடிப்பக்கம் உட்பட, பெயின்ட் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மழைக்காலத்தில் மறுபக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும். காகிதக்கூழ் மலைக்கு மைதா பசையை விட்டுவிட்டு ஃபெவிகாலையே வைத்துக்கொள்ளுங்கள். மைதா கரப்பானுக்கும் பூச்சிக்கும் விருந்து.

ஏற்றம் வைக்கலாமா என்று கேட்பீர்கள். நிஜத்தில் பல்சக்கரப் பகுதியில் ஏற்றம் ஏறத்தாழ 12-க்கு 1. பல்சக்கரம் இல்லாத சின்ன இன்ஜின் அதில் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றும். மட்டமாகவே போடுங்கள். பள்ளம் இருக்கும்போது ஏற்றம் இல்லாததை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பாதையின் வடிவம் எளிமையானது: ஒரு நீள்வட்டம். செட்டோடு வரும் வளைவுகளில் பரவலாகக் கிடைப்பது 249 மி.மீ. ஆரம் கொண்டது, இரண்டடி அகலத்துக்குள் ஓரம் விட்டு அடங்கும். நிஜத்தில் அது 30 மீட்டர் ஆரம். நீலகிரியின் மிகக் கடுமையான வளைவுகளே 100 மீட்டரை ஒட்டியவை. எனவே இந்த இறுக்கமான வளைவுகள் கண்ணில் படக்கூடாது. இரண்டு ஓரத்திலும் மலைக்குள் போகட்டும். பின்பக்க நேர்பாதையும் மலைக்குப் பின்னால் மறையட்டும். முன்னால் தெரியும் நாலடிக்கு மட்டும் வளைக்கக்கூடிய ஃபிளெக்ஸி தண்டவாளம் வாங்கி, 900 மி.மீ. ஆரத்துக்குக் குறையாமல் மெல்ல உள்வாங்கி வெளியே வரும்படி போடுங்கள். ரயில் ஒரு குகையிலிருந்து வந்து, ஹில்குரோவில் நின்று, இன்னொரு குகைக்குள் போகிறது. உண்மையான ஹில்குரோவின் இரு முனையிலும் இப்படியே குகை இருக்க வேண்டியதில்லை; இது உங்கள் வசதிக்கான சுதந்திரம்.

மறைந்த பாதைக்குப் பின்பக்கம் திறந்தே இருக்கட்டும். என் இரண்டாவது மாதிரியில் குகையை முழுசாக மூடி, மேலே புல்லும் ஒட்டிய பிறகுதான் உள்ளே ஒரு இணைப்பு அரை மில்லிமீட்டர் ஏறி நிற்பது தெரிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் கடைசிப் பெட்டி கவிழும். கடைசியில் மூன்று மாத வேலையை ரம்பத்தால் அறுத்துத் திறந்தேன். நீங்கள் ஒரு வாரமாவது வெறும் தண்டவாளத்தில், இரு திசையிலும், ஓட்டிப் பாருங்கள். விரல் நுனியை ஒவ்வொரு இணைப்பின் மேலும் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். தண்டவாளத்துக்கு மின்சாரம் ஒரே இடத்தில் கொடுத்தால் தொலைவில் ரயில் தளரும். எதிரெதிர் பக்கத்தில் இரண்டு இடத்திலாவது ஒயர் இணையுங்கள். வெயில் காலத்தில் 20 டிகிரி கூடினால் நாலடித் தண்டவாளம் அரை மில்லிமீட்டர் வரை நீளும். இணைப்புகளில் ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விட்டால் போதும்.

இனி நடுவில் ஓடும் பல்தண்டு. ஆப்ட் முறை என்பார்கள்: பல் வெட்டிய இரண்டு எஃகுப் பட்டைகள் சுமார் 44 மி.மீ. இடைவெளியில், ஓடும் தண்டவாளத்துக்கு 65 மி.மீ. மேலே பதிந்திருக்கும். உங்கள் அளவில் பற்களை வெட்ட முடியாது, வெட்டினாலும் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது நடுவில் போகும் இரட்டைக் கறுப்புக் கோடும், அதன் மேல்விளிம்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமும்தான். மெல்லிய பிளாஸ்டிக் தாளை இரண்டு இழையாக வெட்டி, விளிம்பு மேலாக நிறுத்தி ஒட்டி, கரும்பழுப்பு அடித்து, மேல்விளிம்பில் மட்டும் பென்சில் முனையைத் தேயுங்கள். உயரத்தை மட்டும் நிஜம் போல வைக்காதீர்கள். சின்ன இன்ஜின்களின் அடியில் உள்ள கியர் மூடி தாழ்வாக இருக்கும், மாட்டிக்கொள்ளும். தண்டவாளத்தின் தலைக்குச் சமமாக நிறுத்துங்கள். பாயிண்ட், அதாவது பாதை இரண்டாகப் பிரியும் அமைப்பு, இருக்கும் இடத்தில் பல்தண்டை விட்டுவிடுங்கள்.

ஜல்லிக்கு வெளிநாட்டுப் பொட்டலம் வேண்டாம். 50 மி.மீ. ஜல்லி உங்கள் அளவில் 0.4 மி.மீ. எம்-சாண்ட் என்பதே உடைத்த கருங்கல்தான், நிறமும் பொருந்தும். கழுவிக் காயவைத்து, மாவுச் சல்லடையில் விழுந்ததை எடுத்து, மெல்லிய நைலான் துணியில் மறுபடி சலித்து, துணியில் தங்குவதை வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் ஒரு காந்தத்தை நாலைந்து முறை ஓட்டுங்கள். ஒட்டிக்கொண்டு வரும் கறுப்புத் துகளைப் பார்த்தால் ஏன் என்று புரியும். அது மோட்டாருக்குள் போயிருக்க வேண்டியது. தூரிகையால் பரப்பி, தண்ணீரை மிக மெல்லிய சாரலாகத் தெளித்து, ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஊசியில்லாத சிரிஞ்சால் விடுங்கள். பாயிண்டின் அசையும் நாக்குகளின் பக்கமே போகாதீர்கள். ஜல்லிக்கு முன் தண்டவாளத்தின் பக்கங்களுக்குத் துருப்பழுப்பு அடித்துவிட வேண்டும். மாதிரித் தண்டவாளம் அளவுக்கு மீறி உயரமானது. பழுப்பு அதைத் தாழ்த்திக் காட்டும்.

தேயிலைத் தோட்டம் கேட்டிருந்தீர்கள். ஹில்குரோவுக்கு அது வேண்டாம். தேயிலை குன்னூரை நெருங்கும்போதுதான் வரும். கல்லாறில் பாக்குத் தோப்பு, அதற்கு மேலே அடர்ந்த கலப்புக் காடு. ஒரே பச்சையில் அடிக்காதீர்கள். பள்ளத்தில் கறுத்த பச்சை, தூரத்தில் நீலம் கலந்த வெளிறல். மரத்துக்குப் பழைய ஒயரின் செம்பு இழைகளை முறுக்கிக் கிளை பிரியுங்கள். காட்டுத் தரைக்குக் காய்ந்த டீத்தூள் சக்கையைவிட நல்ல பொருளை நான் பார்த்ததில்லை. நான்கு நாள் வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கொலுவுக்குப் பூங்கா போட்ட கை உங்கள் வீட்டில் இருந்தால், இந்தப் பகுதியை அவரிடமே விட்டுவிடலாம்.

ரயிலுக்கு வருவோம். பல்சக்கரப் பகுதியில் இன்ஜின் எப்போதும் மேட்டுப்பாளையம் பக்கம், அதாவது தாழ்ந்த பக்கம் இருக்கும். ஏறும்போது தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். ஆகவே வலப்பக்கம் குன்னூர் என்று முடிவுசெய்தால், இன்ஜின் என்றைக்கும் இடப்பக்கம்தான். மூன்று பெட்டி போதும். மொத்த ரயிலும் ஒரு முழத்துக்குள் அடங்கும். நீலகிரியில் ஓடும் எக்ஸ் வகுப்பு நீராவி இன்ஜினுக்கு, செட்டில் உள்ள சிறு இன்ஜினின் அடிப்பாகத்தை வைத்துக்கொண்டு மேல்கூட்டை பிளாஸ்டிக் தாளில் கட்டலாம், அல்லது முப்பரிமாண அச்சில் எடுக்கலாம்.

தள்ளும் ரயிலில் லேசான பெட்டிதான் முதலில் தடம் புரளும். மூன்று பெட்டியையும் நகைத் தராசில் நிறுத்து, ஒரே எடைக்குக் கொண்டு வாருங்கள். கனம் தரையோடு தாழ்வாக இருக்கட்டும். சிறு இரும்பு நட்டுகள் போதும். தூண்டில் ஈயக் குண்டை ஃபெவிகாலில் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் ஈயம் வெண்மையாகப் பூத்து, பருத்து, பெட்டியையே பிளக்கும். முதல் பெட்டியின் முன் மேடையில் கொடி பிடித்த பிரேக்ஸ்மேன் ஒருவரை மறக்காமல் நிறுத்துங்கள். அவர் இல்லாமல் அது நீலகிரி ரயில் ஆகாது.

தண்ணீர்க் குழாய்க்குக் கீழே, ஜல்லியை உள்ளங்கையளவுகூட இல்லாத ஒரு நகக்கண் அளவுக்குக் கறுக்க வைத்து, மேலே ஒரு சொட்டு பளபளப்பு வார்னிஷ் விடுங்கள். இப்போதுதான் ஓர் இன்ஜின் நிரம்பி வழிந்து கிளம்பியது போல இருக்கும். அந்த ஈரத்தின் ஓரத்தில் 4 மி.மீ. உயரத்தில் ஒரு குரங்கு. மூன்று குரங்கு வைத்தால் கண் அங்கேயே நின்றுவிடும், ஒன்று போதும்.

ஓட்டாத நாட்களில் பிளாஸ்டிக் விரிப்பால் மூடுங்கள். பழைய வேட்டி, புடவை வேண்டாம்; அதன் நூல் சக்கர அச்சில் சுற்றிக்கொள்ளும்.

இத்தனையும் படித்துவிட்டு இன்றைக்கே பிளைவுட் வாங்கக் கிளம்பாதீர்கள். நாலு நாளிதழ்த் தாளை ஒட்டி ஆறடிக்கு இரண்டடி விரிப்பாக்கித் தரையில் போடுங்கள். அதன் மேல் தண்டவாளத்தை ஒட்டாமல் அடுக்குங்கள். ஸ்டேஷன் கட்டடம், தண்ணீர்த் தொட்டி, குகை வாய் மூன்றையும் பிஸ்கட் அட்டையில் வெட்டி நிறுத்துங்கள். ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும். போகும்போதும் வரும்போதும் குனிந்து, தண்டவாளத்தின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பாருங்கள், அட்டைகளை நகர்த்துங்கள். அவற்றை நகர்த்தத் தோன்றாத நாள் வரும்போது விளிம்பில் பேனாவால் கோடு போட்டு, தாளைச் சுருட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள்.