ஆர்ப்பரிக்கலாமா?

அன்புள்ள ஐயா,

என் மகள் தொடக்கநிலை 5 படிக்கிறாள். அவளுடைய வலைப்பந்து அணி ஜெயித்ததைப் பற்றிய கட்டுரையில் 'நாங்கள் ஆர்ப்பரித்தோம்' என்று எழுதியிருந்தாள். ஆர்ப்பாட்டம் மாதிரி ஒலிக்கிறதே, மாற்றிவிடு என்றேன். மாட்டேன் என்கிறாள். யார் சொல்வது சரி? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

வாசகி, தெம்பனிஸ்

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் சொல்வதே சரி. மாற்றச் சொல்லாதீர்கள், அருமையான சொல் அது.

'ஆர்த்தல்' என்றால் முழங்குதல். ஓயாமல் இரைவதால் கடலுக்கு ஆர்கலி என்று பெயர். ஆர்த்து எழுப்பும் ஒலி ஆர்ப்பு. அதிலிருந்துதான் ஆர்ப்பரிப்பு, நீங்கள் பயந்த ஆர்ப்பாட்டம் இரண்டும். ஆக, அடிப்படைப் பொருள் சத்தம்தான். வெற்றி பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

எங்கே ஒட்டியது என்று கேட்டால் போர்க்களத்தைத்தான் காட்டுவேன். தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன், சேரன் சோழன் உட்பட ஏழு பேரை ஒரே களத்தில் வென்றான். அன்று அவன் வீரர்கள் போட்ட சத்தத்தை அகநானூற்றின் 36ஆம் பாட்டில் நக்கீரர் 'வென்றிகொள் வீரர் ஆர்ப்பு' என்கிறார். ஆனால் அது போர்ப்பாட்டே இல்லை! பரத்தையோடு வைகைக் கரையில் இருந்துவிட்டு வந்த தலைவனிடம், ஊர் உன்னைப் பற்றிப் பேசும் பேச்சு அந்த ஆர்ப்பைவிடப் பெரிது என்று சொல்கிற பாட்டு. ஊர்வம்பை அளக்க இதைவிடப் பெரிய சத்தம் அவருக்குக் கிடைக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

மலையாளத்தில் ஆர்ப்பு இன்றும் பேச்சு வழக்கில் இருக்கிறது. வள்ளங்களி என்னும் படகுப் போட்டி நடக்கும்போது கரையில் நிற்பவர்களில் ஒருவர் 'ஆர்ப்போ' என்று குரல் கொடுக்க, மற்றவர்கள் 'இர்ரோ' என்று சேர்ந்து கத்துவார்கள்.

நம் ஊரிலும் இல்லாமல் இல்லை. 2016 ஆகஸ்ட் 13, சனிக்கிழமை காலை. ரியோவில் நம் நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பாணிப் போட்டியில் 50.39 விநாடியில் சுவரைத் தொட்டார். சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் தங்கம். தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தவர்கள் துள்ளி எழுந்து கத்தினார்களே, அதற்குப் பெயர் ஆர்ப்பரிப்பு.

'கொக்கரித்தோம்' என்று எழுதியிருந்தால் நானே மாற்றச் சொல்லியிருப்பேன். அது கோழி எழுப்பும் ஒலியிலிருந்து வந்த சொல். தோற்றவரைப் பார்த்து இளக்காரமாகக் கத்துவதற்கு ஆகிவிட்டது. ஆர்ப்பரிப்பில் அந்த இளக்காரம் கிடையாது. மகளின் அணிக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.