கேளுங்க சொல்றேன்: கவுன்சிலர்கிட்ட சொல்லியாச்சு, அப்புறம்?

இந்த தடவ வந்த கேள்வில முக்கால்வாசி வார்டு பிரச்சனைதான். நான் 2011ல இருந்து 2016 வரைக்கும் ஒரு பேரூராட்சியில வார்டு மெம்பரா இருந்தேன்னு போன மாசம் ஒரு பதில்ல சும்மா சொல்லிட்டேன், அத பிடிச்சுக்கிட்டீங்க. சரி, வாங்க.

எங்க தெருப் பசங்க படிக்கிற ஸ்கூல்ல பாத்ரூம் சரியில்ல. கவுன்சிலர்கிட்ட மூணு தடவ சொல்லியாச்சு. "பண்ணிடலாம்மா"ங்கறாரு, அதோட சரி. அவருக்கு மனசு இல்லையா, பவர் இல்லையா?
— ஒரு அம்மா, திருவொற்றியூர்

மனசு இருக்கா இல்லையான்னு எனக்கு தெரியாதும்மா, ஆனா நீங்க அவர்கிட்ட முதல்ல கேக்க வேண்டியது வேற. அந்த ஸ்கூல் யாரோடது? சிரிக்காதீங்க, இது தெரியாம நான் ஒரு வருஷத்த வீணடிச்சவ. உங்க ஏரியா 2011ல சென்னை மாநகராட்சியோட சேந்துச்சு, 155 வார்டு 200 வார்டு ஆச்சு, ஆனா அப்படி புதுசா சேந்த பகுதிகள்ல நிறைய ஸ்கூல் பத்து வருஷத்துக்கும் மேல கல்வித்துறை கையிலயேதான் இருந்துச்சு, 2022 வாக்குலதான் 139 ஸ்கூல மாநகராட்சிக்கு மாத்தினாங்க. அப்படி மாறாத வரைக்கும் ரோடு மாநகராட்சியோடது, ரோட்டோரத்துல இருக்குற ஸ்கூல் இன்னொருத்தரோடது. கவுன்சிலர் ரோட்டுக்கு தீர்மானம் போடலாம், ஸ்கூலுக்கு போட்டா "இது நம்ம அசெட் இல்லையே"ன்னு ஃபைல் திரும்பி வரும்.

என் கதைய சொல்றேன். என் வார்டுல ஒரு தொடக்கப்பள்ளி, ஊர் பேரூராட்சி, ஸ்கூல் மட்டும் ஊராட்சி ஒன்றியத்தோடது. ஜெயிச்ச புதுசுல ஒரு நாள் ஹெச்.எம். கூப்பிட்டாங்கன்னு போனேன். பொண்ணுங்க டாய்லெட் வாசல்ல ஒரு பாப்பா, மூணாங்கிளாஸ் இருக்கும், கதவ ரெண்டு கையாலயும் இழுத்துப் புடிச்சுக்கிட்டு நிக்குது. என்னடின்னு கேட்டேன். "உள்ள கவிதா இருக்கா மிஸ், தாப்பா இல்ல"ங்குது. (பேர மாத்திட்டேன்.) அதாவது ஒருத்தி உள்ள போகணும்னா இன்னொருத்தி வெளிய கதவப் புடிக்கணும், அதுக்காகவே ஜோடி ஜோடியா பெர்மிஷன் கேட்டு வருதுங்க. பக்கத்துல ஒரு பெயிண்ட் பக்கெட், அதுல அடிபம்புல இருந்து தண்ணி தூக்கிட்டு வரணும், பாதி வழியிலயே சிந்திடும்.

எனக்கு கோவம்னா கோவம். அடுத்த கூட்டத்துல பேசினேன். செயல் அலுவலர் பொறுமையா கேட்டுட்டு "கட்டடம் ஒன்றியத்தோடது மேடம், நம்ம பொதுநிதில செலவு பண்ணா ஆடிட்ல மாட்டிக்குவோம்"னாரு. ஒன்றியத்துக்கு போனேன், "அது பேரூராட்சி லிமிட்ல வருது, நீங்கதான் பாக்கணும்"னாங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லல, அதுதான் கொடுமை. கடைசியில ஒரு விவரமான கிளார்க்தான் வழி சொன்னாரு, ஒன்றியத்துல இருந்து "பேரூராட்சி பராமரிப்பு செய்ய ஆட்சேபணை இல்லை"ன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க, மீதிய நான் பாத்துக்கறேன்னு. அந்த ஒரு பக்க லெட்டருக்கு ஏழு மாசம். லெட்டர் வந்தப்புறம் எஸ்டிமேட், தீர்மானம், டெண்டர், வேலை எல்லாம் சேந்து நாலே மாசம்தான்.

அந்த எஸ்டிமேட்ட நான் வரி வரியா படிச்சேன்னு பெருமையா சொல்லலாம், படிக்கல. சுவத்துக்கு டைல்ஸ் இருந்துச்சு, தொட்டி இருந்துச்சு, மோட்டார் இருந்துச்சு, வாசல்ல எழுதற பேர் பலகைக்குக் கூட தனி ஐட்டம் இருந்துச்சு. தாப்பா இல்ல! திறப்பு விழா அன்னைக்கு ரிப்பன் வெட்டிட்டு உள்ள போய் கதவ சாத்தினேன், அது பாட்டுக்கு திறந்துக்கிச்சு. அன்னைக்கு சாயங்காலமே ஹார்டுவேர் கடையில நானே வாங்கி ஆசாரிய கூட்டிட்டுப் போய் மாட்டினேன், மொத்த செலவு 200 ரூபாய்க்குள்ள.

அதனால நீங்க பண்ண வேண்டியது என்னன்னா, நாலாவது தடவ வாயால சொல்லாதீங்க. ஸ்கூல் மாநகராட்சியோடதா இல்ல கல்வித்துறையோடதான்னு ஹெச்.எம்.கிட்ட கேட்டுட்டு, பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல தீர்மானமா எழுத வைங்க. அந்தக் குழுல பாதிக்கு மேல பெத்தவங்கதான், தலைவரும் பெத்தவங்கள்ல ஒருத்தர்தான், உள்ளாட்சி சார்பா மெம்பரும் அதுலயே உக்காந்திருப்பாரு. அந்த தீர்மான நகலோட போனா கவுன்சிலருக்கும் மண்டல ஆபீஸ்ல பேச ஒரு பேப்பர் கிடைக்கும். வெறும் கைய வீசிக்கிட்டு போற கவுன்சிலர அங்க டீ குடுத்து அனுப்பிடுவாங்க, நான் எத்தன டீ குடிச்சிருக்கேன்.

கவுன்சிலர்னாலே கமிஷன், கட்டிங். உருப்படியா ஒண்ணு அந்த நாற்காலியில இருந்து நடந்திருக்கா?
— ரிட்டயர்டு வாத்தியார், மதுரை

கமிஷன் இல்லன்னு சொன்னா சிரிப்பீங்க, சொல்லல. ஆனா சார், நீங்க வாத்தியாரு, சத்துணவு எங்க ஆரம்பிச்சதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். 1920 செப்டம்பர்ல சென்னை மாநகராட்சி மன்றத்துல, பிட்டி தியாகராயர் தலைவரா இருந்தப்ப, ஆயிரம் விளக்கு மாநகராட்சி ஸ்கூல் பசங்களுக்கு சிற்றுண்டி குடுக்கலாம்னு ஒரு தீர்மானம் போட்டாங்க, ஒரு பையனுக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக்கூடாதுன்னு கணக்கு. பெரிய சட்டசபை எதுவும் இல்ல, வார்டு மெம்பருங்க கைதூக்கின விஷயம் அது. அப்புறம் இன்னும் சில ஸ்கூலுக்கும் போச்சு.

அதுல எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி அடுத்து நடந்ததுதான். ஆரம்பக் கல்வி நிதியில இருந்து சாப்பாட்டுக்கு செலவு பண்ணக் கூடாதுன்னு வெள்ளக்கார அரசாங்கம் சொல்லிடுச்சு, 1925ல திட்டம் நின்னுபோச்சு. பாருங்க, காசு எந்தக் கணக்குத் தலைப்புல இருந்து எடுக்கறதுங்கற அதே பஞ்சாயத்து! எங்க செயல் அலுவலர் சொன்னதுக்கும் இதுக்கும் கிட்டத்தட்ட 90 வருஷ இடைவெளி, டயலாக் ஒண்ணுதான். ரெண்டு வருஷத்துல திரும்ப ஆரம்பிச்சாங்க, அது வேற. உங்க ஊர்லயே 2022 செப்டம்பர் 15ந்தேதி காலை உணவுத் திட்டத்த ஆதிமூலம் ஸ்கூல்ல ஆரம்பிச்சாங்களே, அதுவும் மாநகராட்சி ஸ்கூல்தான்.

கவுன்சிலருக்கு சம்பளம் எவ்வளவு அக்கா?
— காலேஜ் ஸ்டூடன்ட், கரூர்

சம்பளம் இல்ல தம்பி, மதிப்பூதியம். 2023 ஜூலைல இருந்து மாநகராட்சி கவுன்சிலருக்கு மாசம் 10,000, நகராட்சிக்கு 5,000, பேரூராட்சிக்கு 2,500. எங்க காலத்துல அதுவும் இல்ல, கூட்டத்துக்கு வந்தா ஒரு படி குடுப்பாங்க, ஆட்டோவுக்கு சரியா போகும். அப்ப லட்சக்கணக்குல செலவு பண்ணி ஏன் நிக்கறாங்கன்னு அடுத்த கேள்வி கேக்காத.

நாங்க 30 வருஷமா ஓடைக்கரையில இருக்கோம். வீடு வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் கவுன்சிலர் பேர சொல்லி 25,000 கேக்கறாரு. குடுக்கலாமா?
— பேர் வேண்டாம், சென்னை

குடுக்காதீங்க. ஒத்தப் பைசா குடுக்காதீங்க. கவுன்சிலரே நேர்ல வந்து கேட்டாலும் குடுக்காதீங்க, ஏன்னா வீடு ஒதுக்கற அதிகாரமே அவர்கிட்ட கிடையாது. வாரிய வீடுன்னா அது 1970ல ஆரம்பிச்ச குடிசை மாற்று வாரியம், இப்ப 2021ல இருந்து நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேரு. பட்டான்னா தாசில்தார் ஆபீஸ். கவுன்சிலர் இந்த ரெண்டு இடத்துக்கும் வெளி ஆளுதான், நம்மள மாதிரியே மனு குடுக்கறவருதான், என்ன, உள்ள உக்கார நாற்காலி போடுவாங்க.

ஓடைக்கரைங்கறதால இன்னொன்னும் நேரா சொல்லிடறேன், மனசு கஷ்டப்படாதீங்க. ஆட்சேபணை இல்லாத புறம்போக்குன்னா பட்டா கேட்டுப் பாக்கலாம், நீர்நிலைன்னா அது ஆட்சேபணை உள்ள புறம்போக்கு, 30 வருஷம் இருந்தாலும் 60 வருஷம் இருந்தாலும் பட்டா குடுக்க மாட்டாங்க. கரண்டு பில்லு, ரேஷன் கார்டு இருக்கே, அத வச்சு பட்டா வாங்கிடலாம்னு சொல்றவன நம்பாதீங்க, அது நீங்க அங்க குடியிருக்கீங்கன்னு காட்டும், இடம் உங்களோடதுன்னு காட்டாது. நாளைக்கு மாத்தணும்னு வந்தா, 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அடையாறு கூவம் கரை ஜனங்கள பெரும்பாக்கத்துக்கு அனுப்பின மாதிரி எங்கயாவது தூரமா அனுப்புவாங்க, வேலைக்குப் போற வீட்டம்மாவும் படிக்கிற புள்ளையும் பஸ்ஸுலயே பாதி நாள கழிக்கணும்.

இந்த இடத்துலதான் கவுன்சிலர புடிக்கணும். வேற இடத்துக்கு மாத்தறதுக்கு முன்னாடி கணக்கெடுப்புக்கு ஆளுங்க வர்ற அன்னைக்கு வீடு பூட்டியிருந்தா பேரு விடுபட்டுப்போகும். ஒரே கூரைக்குள்ள மகன் குடும்பம் தனியா, அப்பா குடும்பம் தனியா பொங்கித் தின்னாலும் ஒரே வீடுன்னு எழுதிட்டு போயிடுவாங்க. கூலி வேலைக்குப் போற ஜனம், பகல் பதினோரு மணிக்கு எவன் வீட்டுல இருப்பான்? கணக்கெடுப்ப ஞாயித்துக்கிழமை வைக்கச் சொல்றது, லிஸ்ட்ட தெருவுல ஒட்ட வைக்கறது, விடுபட்டவங்க பேர எழுதி கையோட மனுவா குடுக்க வைக்கறது, பசங்களுக்கு அங்க பக்கத்துல ஸ்கூல் சேத்துவிடாம காலி பண்ணச் சொல்லாதீங்கன்னு சண்டை போடறது, இதெல்லாம் ஒரு வார்டு மெம்பரால முடியும், அதிகாரம் எதுவும் வேணாம், காலைல சீக்கிரம் எந்திரிக்கணும் அவ்வளவுதான்.

சொந்தமா மனை இருக்கறவங்க கதை வேற. பிரதமர் வீடு கட்டும் திட்டத்துல நகரத்துல நம்ம ஊர்ல 2,10,000 வந்துச்சு, மத்திய அரசு ஒன்றரை லட்சம் மாநிலம் அறுபதாயிரம், மொத்தமா இல்ல, அஸ்திவாரம், லிண்டல், ரூஃப்னு கட்டத்துக்கு கட்டம் போட்டோ எடுத்தப்புறம்தான். என் வார்டுல அஸ்திவாரத்த போட்டுட்டு அடுத்த காசு வரும் வரும்னு கந்துவட்டிக்கு வாங்கினவங்கள பாத்திருக்கேன். பட்டா தாத்தா பேர்ல இருந்தா முதல்ல அத மாத்துங்க, பாதி விண்ணப்பம் அங்கயேதான் செத்துப்போகும்.

சமுதாய நலக்கூடம் கட்டி நாலு வருஷம் ஆச்சு, பூட்டியே கிடக்கு. சாவி யார்கிட்டன்னே தெரியல.
— நண்பர்கள் குழு, பொள்ளாச்சி

சாவி யாராவது ஒருத்தர் வீட்டு ஆணில தொங்கும், விசாரிங்க. கட்டறதுக்கு நிதி இருக்கும், வாட்ச்மேனுக்கும் கரண்டு பில்லுக்கும் இருக்காது, அதான் பூட்டு. வாடகை நிர்ணயிச்சு மன்றத்துல தீர்மானம் போட்டு, பெண்கள் சுயஉதவிக் குழுகிட்ட பராமரிப்ப விட்டா ஓடும். புதுசா ஏதாவது கட்டணும்னா நமக்கு நாமே திட்டத்துல மூணுல ஒரு பங்கு நீங்க போட்டா மீதி அரசாங்கம் போடும், ஆனா தயவுசெஞ்சு இன்னொரு கூடம் கேக்காதீங்க.

எங்க கவுன்சிலர் ஒரு பொண்ணு, ஆனா போன எடுக்கறது அவங்க வீட்டுக்காரர்தான். இதுக்கா 50 சதவீதம் இட ஒதுக்கீடு?
— கோபமான வாசகர், சேலம்

கோபம் நியாயம். என் வீட்டுக்காரரும் முதல் ஆறு மாசம் எடுத்தாரு, உண்மைய சொல்லிடறேன். நம்பர மாத்தினேன். 2022ல 12,838 வார்டுக்கு தேர்தல் அறிவிச்சாங்க, அதுல பாதி பொண்ணுங்களுக்கு, அத்தன பேரும் வீட்டுக்காரரோட பொம்மைன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன், ஆனா கணிசமா இருக்காங்கங்கறத மறைக்கவும் மாட்டேன். நீங்க என்ன பண்ணலாம்னா அவர்கிட்ட பேசாதீங்க. மனுவ அவங்க பேருக்கு எழுதுங்க, அவங்க கையில குடுங்க, "மேடம் இல்லையா, நாளைக்கு வர்றேன்"னு திரும்பிப் போங்க. இப்ப ஏரியா சபை, வார்டு கமிட்டின்னு விதி வந்திருக்கு, கிராம சபை மாதிரி டவுனுக்கும், வார்டு கமிட்டிக்கு தலைவரே கவுன்சிலர்தான். அந்தக் கூட்டத்துல அவங்கதான் உக்காரணும், வீட்டுக்காரர் உக்காந்தா எந்திரிக்கச் சொல்லுங்க. உங்க ஏரியால கூட்டமே நடக்கலன்னா ஏன் நடக்கலன்னு எழுதிக் கேளுங்க, எத்தன பேரு கேக்கறீங்கன்னு பாக்கறேன்.

எனக்கு 22 வயசு. அடுத்த தேர்தல்ல நிக்கலாம்னு இருக்கேன். முதல்ல என்ன கத்துக்கணும்?
— ஒரு தங்கச்சி, தஞ்சாவூர்

21 முடிஞ்சா போதும், நில்லு. பேச்சு, மேடை, மைக் எல்லாம் தானா வரும். எஸ்டிமேட் படிக்கக் கத்துக்கோ. எந்த ஐட்டம், எத்தன மீட்டர், என்ன ரேட்டுன்னு. வேலை முடிஞ்சப்புறம் ஏ.ஈ.கிட்ட, அதான் உதவிப் பொறியாளர்கிட்ட, வேலையோட அளவு எழுதி வச்சிருக்கற எம்.புக்க கேட்டு டேப்ப எடுத்துட்டுப் போய் அளந்து பாரு, முதல் தடவ மொறைப்பாங்க, ரெண்டாவது தடவ அவங்களே டேப் கொண்டு வருவாங்க. அப்புறம் ஸ்கூல் டாய்லெட் எஸ்டிமேட் வந்தா, தாப்பா இருக்கான்னு பாத்துட்டு கையெழுத்து போடு.