ஆறு லட்சம் சம்பளம், கைக்கு எவ்வளவு?

கேள்வி: முதல் வேலை. ஆஃபர் லெட்டரில் சி.டி.சி. 6 லட்சம் என்று இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் மாதம் 25,000, வேரியபிள் பே ஆண்டுக்கு 60,000. கன்சல்டன்சிக்காரர் 'மாசம் 50,000 இன் ஹேண்ட்' என்கிறார். அதை நம்பி வாடகைக்கு வீடு பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். 37,500 என்று வைத்துப் பாருங்கள்.

சி.டி.சி. என்பது உங்கள் பெயரில் நிறுவனம் ஓராண்டில் எழுதும் மொத்தச் செலவு. கைக்கு வராததும் அதில் அடக்கம். முதலில் வேரியபிள் பே, அதாவது வேலையைப் பொறுத்துக் கூடிக் குறையும் தொகை, 60,000 போகட்டும், வந்தால் லாபம். உங்கள் வருங்காலச் சேமிப்புக்காக நிறுவனம் கட்டும் பி.எஃப். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 36,000. வேலையை விடும்போது தரும் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி கணக்கில் 14,430. மிச்சம் 4,89,570. மாதத்துக்கு 40,797, இதுதான் கிராஸ் சாலரி. அதிலும் உங்கள் பங்கு பி.எஃப். 3,000, கொஞ்சம் தொழில் வரி. மிஞ்சுவதுதான் டேக் ஹோம்.

கிராஜுவிட்டிக்கு ஒரே நிறுவனத்தில் ஐந்தாண்டு இருக்க வேண்டும். ஆனால் கடிதத்தில் 'ஃபிக்ஸட் டேர்ம்', அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வேலை, என்று இருந்தால் ஓராண்டிலேயே உரிமை உண்டு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு அப்படிச் சொல்கிறது. 'ஃபிக்ஸட் பே' என்பது வேறு, மாறாத சம்பளம், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு ஓராண்டில் கிராஜுவிட்டி கேட்டு நிற்காதீர்கள். 'டேர்ம்' என்ற சொல்லும், வேலை முடியும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஐந்தாண்டுதான்.

அப்புறம் அந்தக் கன்சல்டன்சிக்காரர். அவருடைய கமிஷன் பெரும்பாலும் சி.டி.சி.யில் இத்தனை சதவீதம் என்றுதான் வரும். உங்கள் டேக் ஹோம் பற்றி அவருக்கென்ன கவலை? வாயால் சொன்ன 'இன் ஹேண்ட்' எங்கேயும் செல்லாது. 'ரீஃபண்டபிள் டெபாசிட்' என்று உங்களிடமே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் சான்றிதழையும் கொடுக்காதீர்கள். 'அப் டு 6 லட்சம்' என்ற விளம்பரத்தில் கவனிக்க வேண்டியது 'அப் டு' மட்டுமே. 'ஜாயினிங் போனஸ்' இருந்தால், கீழே பொடி எழுத்தில் 'ரிகவரபிள்' இருக்கும்; சீக்கிரம் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும்.

மாதம் கைக்கு இவ்வளவு வரும் என்று ஒரே ஒரு வரி எழுத எச்.ஆருக்கு என்ன நோவு என்று தெரியவில்லை. பத்துப் பக்கம் அச்சடிப்பார்கள், அந்த வரி மட்டும் இருக்காது. நீங்களே கேட்டு வாங்குங்கள்: 'மன்த்லி டேக் ஹோம், வேரியபிள் பே சேர்க்காமல், எவ்வளவு?' போனில் வேண்டாம், மெயிலில். பதில் வந்த பிறகு வீட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம்.