க்யூ.எஃப்.ஆர். கேள்வி-பதில்: படம் சரியில்லாமல் எண் சரியாக வராது

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை க்யூ.எஃப்.ஆர். பற்றியவை. இதயக் குழாயின் ஆஞ்சியோ படத்திலிருந்தே, அடைப்பு ரத்த ஓட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்று கணினி போடும் எண் அது; எண் குறையக் குறையத் தடை அதிகம். கேத் லேபில் (ஆஞ்சியோ எடுக்கும் கூடத்தில்) இருப்பவர்கள் கேட்டவையும் நோயாளி வீட்டார் கேட்டவையும் கலந்திருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கதிர்வீச்சைக் குறைக்க எங்கள் லேபில் வினாடிக்கு 7.5 ஃபிரேமில் ஓட்டுகிறோம். க்யூ.எஃப்.ஆருக்கு அது போதுமா?

போதாது. 15 வையுங்கள். க்யூ.எஃப்.ஆருக்கு எடுக்கும் இரண்டு ஷாட்டுக்கு (படப்பதிவுக்கு) மட்டும் ஏற்றிவிட்டுப் பிறகு இறக்கிக்கொள்ளலாம். டை (குழாயைப் படத்தில் தெரியவைக்கும் திரவம்) எத்தனை ஃபிரேமில் குழாயின் கடைசிவரை போய்ச் சேருகிறது என்று எண்ணித்தான் மென்பொருள் ஓட்டத்தின் வேகத்தைக் கணக்கிடுகிறது. 7.5-இல் ஒரு ஃபிரேம் பிசகினால் 130 மில்லி வினாடி பிசகுகிறது. நல்ல ஓட்டமுள்ள குழாயில் அது பெரிய பிழை.

ரிப்போர்ட்டில் க்யூ.எஃப்.ஆர். 0.80 என்று இருக்கிறது. ஸ்டென்ட் வைக்கலாமா?

எந்தக் குழாய்? இதயத்தின் முன்பக்கப் பெரிய குழாயான எல்.ஏ.டி.யா, அதன் கிளையான ஒரு சின்ன டயகனலா? எந்த இடம்வரை அளந்த எண்? நோயாளிக்கு நெஞ்சுவலி உண்டா, மருந்து என்ன சாப்பிடுகிறார்? இதில் ஒன்றுகூட எழுதாமல் ஒரு எண்ணை மட்டும் அனுப்பினால் பதில் சொல்ல முடியாது. பொதுவாகச் சொல்வதானால், 0.78-லிருந்து 0.84 வரை சாம்பல் மண்டலம். அதற்குள் விழும் எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள், பிரஷர் வயர் (குழாய்க்குள் விட்டு அழுத்தத்தை அளக்கும் மெல்லிய கம்பி) போட்டுப் பாருங்கள். அதே படத்தை இன்னொருவர் உட்கார்ந்து அளந்தால் எண் 0.02, 0.03 இப்படியும் அப்படியும் நகரும். 0.80-க்கும் 0.81-க்கும் நடுவே ஒரு மனிதரின் சிகிச்சையை நிறுத்திப் பார்ப்பது சரியல்ல.

அப்பாவுக்கு எல்.ஏ.டி.யில் 70 சதவீத அடைப்பு. டாக்டர் க்யூ.எஃப்.ஆர். 0.88 என்று சொல்லி ஸ்டென்ட் வேண்டாம் என்கிறார். எழுபது சதவீதத்தை எப்படிச் சும்மா விடுவது? வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?

அந்த 70 என்பது திரையைப் பார்த்துக் கண்ணால் சொன்ன மதிப்பு. குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதை அது சொல்கிறது. ரத்தம் எவ்வளவு குறைகிறது என்பது வேறு கணக்கு. அடைப்பின் நீளம், குழாயின் விட்டம், அந்தக் குழாய் எவ்வளவு தசைக்கு ரத்தம் கொடுக்கிறது, இவை எல்லாம் அதில் சேரும். 2009-இல் வெளிவந்த ஃபேம் ஆய்வில் இதை வயர் போட்டு அளந்தே பார்த்தார்கள். கண்ணுக்கு 50 முதல் 70 சதவீதம் என்று தெரிந்த அடைப்புகளில் மூன்றில் ஒரு பங்குதான் உண்மையில் ஓட்டத்தைத் தடுத்தது. 71 முதல் 90 என்று தெரிந்தவற்றிலும் ஐந்தில் ஒன்று தடுக்கவில்லை.

0.88 என்றால், குழாயில் அடைப்பே இல்லாவிட்டால் உழைப்பின்போது போகக்கூடிய ரத்தத்தில் 88 சதவீதம் போகிறது என்று பொருள். அங்கே ஸ்டென்ட் வைத்தால் கிடைக்கும் லாபம் கொஞ்சம். ஸ்டென்டுக்கென்று உள்ள ஆபத்துகள் மட்டும் முழுசாக வந்து சேரும். உங்கள் டாக்டர் அளந்துவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அந்த முடிவோடு இருங்கள். ஸ்டேட்டின், ஆஸ்பிரின் எதையும் நிறுத்தக் கூடாது, 'அடைப்பே இல்லையாம்' என்று வீட்டில் யாராவது சொன்னாலும்கூட. ஓய்வில் இருக்கும்போது வலி வந்தாலோ, வலி நாளுக்கு நாள் கூடினாலோ இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஒரே எல்.ஏ.டி.யில் க்யூ.எஃப்.ஆர். 0.72, வயர் போட்டு நேரடியாக அளந்த எஃப்.எஃப்.ஆர். (க்யூ.எஃப்.ஆர். கணித்துச் சொல்லும் அதே அளவு) 0.88. அப்படியானால் இந்தக் கணினிக் கணக்கை நம்பவே கூடாதுதானே?

இந்தக் கேள்வி மாதத்துக்கு நான்கு முறையாவது வருகிறது. எப்போதும் இரண்டு எண்கள் வருகின்றன, படம் வருவதே இல்லை. படத்தைப் பார்க்காமல் எந்த எண் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் இப்படி 0.16 வித்தியாசம் வரும்போது பெரும்பாலும் பழுது கணக்கில் இருப்பதில்லை, படம் எடுத்த விதத்தில்தான் இருக்கிறது. வரிசையாகப் பாருங்கள்.

முதலில், நைட்ரோகிளிசரின் (குழாயை விரிக்கும் மருந்து) கொடுத்தீர்களா? கத்தீட்டர் (டை செலுத்தும் குழல்) நுனி பட்டுச் சுருங்கிய குழாயை மென்பொருள் நோயால் சுருங்கியதாகவே எடுத்துக்கொள்ளும். சுருக்கம் விலகிய பிறகு வயர் போட்டிருந்தால் அது இன்னொரு குழாயை அளந்த மாதிரி.

இரண்டாவது, இரண்டு படங்களுக்கும் நடுவே கோண வித்தியாசம் 25 டிகிரிக்கு மேல் இருந்ததா? (கேமரா கோணங்களில் ஏ.பி. என்பது நேர்முகம், ஆர்.ஏ.ஓ. வலச் சாய்வு, எல்.ஏ.ஓ. இடச் சாய்வு, கிரேனியல் தலைப்பக்கம், காடல் கால்பக்கம்.) எல்.ஏ.டி.க்கு ஏ.பி. கிரேனியல் 45 ஒன்று, ஆர்.ஏ.ஓ. 35 கிரேனியல் 20 ஒன்று என்று தொடங்கலாம். இடப்பக்கம் சுற்றிப் பின்னால் போகும் குழாயான சர்கம்ஃப்ளெக்சுக்கு எல்.ஏ.ஓ. 10, ஆர்.ஏ.ஓ. 25, இரண்டிலும் காடல் 25. வலப்பக்கக் குழாயான ஆர்.சி.ஏ.வின் மேல்பகுதிக்கும் நடுப்பகுதிக்கும் எல்.ஏ.ஓ. 45, பிறகு நேர் ஏ.பி. இவை தொடக்கக் கோணங்கள்தான். அடைப்பின்மேல் டயகனல் குறுக்கே விழுந்தாலும், அந்த இடம் ஒடுங்கித் தெரிந்தாலும் ஐந்து பத்து டிகிரி திருப்பி மறுபடி எடுக்க வேண்டும். ஒரே படத்தில் கணக்குப் போடும் புதிய மென்பொருளிலும் இதில் சலுகை கிடையாது. அங்கே இருப்பது ஒரே படம் என்பதால் அது இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, டை. தயங்கித் தயங்கித் தள்ளினால் ரத்தமும் டையும் கலந்து ஓரம் மங்கும், ஃபிரேம் எண்ணிக்கையும் பொய்யாகும். இடதுபக்கம் 6–8 மி.லி., வலதுபக்கம் 4–6 மி.லி., ஒரே வீச்சில் தள்ளுங்கள். டை கடைசிவரை நிறையும்வரை டேபிளை நகர்த்தாதீர்கள். குறைந்தது மூன்று இதயத் துடிப்பு பதிவாக வேண்டும். மூச்சைப் பிடிக்கச் சொல்லுங்கள். டேபிளை நகர்த்திக்கொண்டே எடுத்த படம் பார்க்க அழகாக இருக்கலாம், அளக்க உதவாது.

நான்காவது, கோடு திருத்துவது. மென்பொருள் தானே வரைந்த ஓரத்தைப் பலர் தங்களுக்குப் பிடித்தபடி இழுத்துவிடுகிறார்கள். பக்கக் கிளைக்குள் கோடு போய்விட்டது போன்ற கண்கூடான பிழையை மட்டும் திருத்துங்கள். 'இந்த இடம் இன்னும் சுருங்கியிருக்கும் என்று தோன்றுகிறது' என்று இழுத்தால், கண்ணால் சொன்ன மதிப்பைக் கணினி வழியாகத் திருப்பிச் சொல்லிக்கொள்வதுதான் மிச்சம். அடைப்புக்குப் பக்கத்தில் குழாய் வீங்கியிருந்தால் அதை ஆரோக்கியமான விட்டமாக எடுக்காதீர்கள். எண் தேவையில்லாமல் கீழே போகும்.

ஐந்தாவது, இரண்டும் ஒரே இடத்தில்தான் அளந்தனவா? வயரின் சென்சார் நுனியில் இல்லை, நுனியிலிருந்து ஏறக்குறைய 3 செ.மீ. பின்னால் இருக்கிறது. வயர் நுனியைப் பார்த்து க்யூ.எஃப்.ஆரின் கடைசிப் புள்ளியை வைத்தால், நடுவே உள்ள 3 செ.மீ. நோயும் ஒன்றில் சேரும், மற்றதில் சேராது.

இவ்வளவும் சரியாக இருந்தால் வயர் பக்கம் திரும்புங்கள். வயரும் பிழைக்கு அப்பாற்பட்டதல்ல. தொடங்கும்முன் இரண்டு அழுத்தங்களையும் சமன் செய்தீர்களா? முடிந்தபின் வயரை வெளியே இழுத்து டிரிஃப்ட் (சமன் செய்த அளவு நகர்ந்திருக்கிறதா என்று) பார்த்தீர்களா? 0.03-க்கு மேல் நகர்ந்திருந்தால் திரும்ப அளக்க வேண்டும். கைடு கத்தீட்டர் குழாயின் வாயை அடைத்து அழுத்தம் டேம்ப் ஆகி மழுங்கியிருந்தாலும், அடினோசின் (அளக்கும்போது ஓட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகும் மருந்து) போதாமல் போயிருந்தாலும், காலையில் நோயாளி காபி குடித்திருந்தாலும் எஃப்.எஃப்.ஆர். பொய்யாக மேலே நிற்கும். உங்கள் 0.88-ஐயும் இப்படிச் சோதித்த பிறகு, அடுத்த கடிதத்தில் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

எஸ்.டி.ஈ.எம்.ஐ. (குழாய் முழுதாக அடைபட்டு வரும் மாரடைப்பு) வந்த அன்றே, மாரடைப்புக்குக் காரணமான குழாயில் க்யூ.எஃப்.ஆர். பார்க்கலாமா?

கூடாது. ரத்தக்கட்டி இருக்கிறது, சிறு நாளங்கள் அதிர்ந்துபோயிருக்கின்றன, எண்ணுக்குப் பொருள் கிடையாது. அந்தக் குழாயைத் திறப்பதுதான் வேலை. மற்றக் குழாய்களில் பார்க்கலாம், நைட்ரோகிளிசரின் கொடுத்து.

லெஃப்ட் மெயின் (இடப்பக்கத் தாய்க்குழாய்) வாயிலேயே, ஆர்.சி.ஏ. வாயிலேயே அடைப்பு இருந்தால்?

வேண்டாம். கத்தீட்டரே அந்த இடத்தை மறைக்கிறது. வயர் போடுங்கள் அல்லது ஐவஸ் (குழாய்க்குள்ளிருந்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட்). பைபாஸில் தைத்த மாற்றுக் குழாயான கிராஃப்ட்டுக்கும் இதே பதில்.

நீளமான எல்.ஏ.டி. நோய், க்யூ.எஃப்.ஆர். 0.71. எத்தனை ஸ்டென்ட் வைப்பது?

கேட்க வேண்டியது எங்கே வைப்பது என்று. 0.71 என்றால் மொத்தம் 0.29 விழுந்திருக்கிறது. அது எங்கே விழுகிறது என்று புல்பேக் கோட்டை (குழாய் நெடுக எண் எப்படி இறங்குகிறது என்று காட்டும் கோட்டை) பாருங்கள். 15 மி.மீ. இடத்துக்குள் 0.16 விழுந்து, மீதி 0.13 குழாய் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தால், அந்த 15 மி.மீ.க்கு மட்டும் ஸ்டென்ட் வைக்கலாம். கிடைக்கப்போவது 0.87-க்குச் சற்றுக் கீழே. சற்றுக் கீழே என்பதற்குக் காரணம், அடைப்பு திறந்தபின் ஓட்டம் கூடும், மீதி நோயில் விழும் அழுத்தமும் அதோடு கூடும். படிக்கட்டே இல்லாமல் ஒரே சரிவாக இறங்கும் கோடாக இருந்தால், 60 மி.மீ. உலோகத்தைப் போட்டாலும் எண் பெரிதாக ஏறாது. அந்த நோயாளிக்கு மருந்தே மேல். மென்பொருளில் ஸ்டென்டைக் கற்பனையாக வைத்து முடிவைப் பார்க்கும் வசதி உண்டு. குழாய்க்குள் வயர் போடும் முன்பே அதைச் செய்யுங்கள்.

ஸ்டென்ட் வைத்த பிறகு 0.86. வெற்றி என்று எழுதலாமா?

எழுதும் முன் ஒருமுறை பாருங்கள். ஸ்டென்ட் வைத்தபின் 0.89-ம் அதற்குக் கீழும் இருப்பவர்களுக்குப் பின்னால் தொந்தரவு அதிகம் என்று ஹாக்ஐ ஆய்வு காட்டியது. எண் ஸ்டென்டுக்குள்ளேயே விழுகிறதா? அப்படியானால் சரியாக விரியவில்லை. ஐவஸ் போட்டுப் பார்த்து, என்.சி. பலூனில் (அளவுக்கு மேல் உப்பாத கெட்டி பலூனில்) உயர் அழுத்தத்தில் விரியுங்கள். விளிம்பில் விழுந்தால் குழாயின் உட்சுவர் கிழிந்த டிசெக்‌ஷன், அல்லது விட்டுப்போன நோய். குழாய் முழுக்கச் சரிந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இன்னொரு ஸ்டென்ட் அதைச் சரிசெய்யாது. ஸ்டென்டுக்குப் பிந்தைய படத்துக்கும் நைட்ரோகிளிசரின் உண்டு. அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

ஐரோப்பிய ஆய்வில் க்யூ.எஃப்.ஆர். தோற்றுவிட்டதாமே? இனி விட்டுவிடலாமா?

இரண்டு ஆய்வுகளும் கேட்ட கேள்வி வேறு வேறு. 2021-இல் வந்த ஃபேவர்-3 சீனா, க்யூ.எஃப்.ஆரை வெறும் கண்ணோடு ஒப்பிட்டது. 26 மருத்துவமனைகள், கிட்டத்தட்ட 3,800 பேர். ஓராண்டில் மரணம், மாரடைப்பு, மறுபடி குழாய் திறக்கும் தேவை எல்லாம் சேர்த்து க்யூ.எஃப்.ஆர். பக்கம் 5.8 சதவீதம், கண்ணை நம்பிய பக்கம் 8.8. 2024-இல் வந்த ஃபேவர்-3 ஐரோப்பா, க்யூ.எஃப்.ஆரை வயரோடு ஒப்பிட்டது. 2,000 பேர். க்யூ.எஃப்.ஆர். பக்கம் 6.7, வயர் பக்கம் 4.2. அதோடு க்யூ.எஃப்.ஆர். பக்கம் அதிகம் பேருக்குக் குழாய் திறக்கப்பட்டது. ஆக வயர் முதலிடம், க்யூ.எஃப்.ஆர். அடுத்தது, கண் கடைசி. வயர் கையில் இருந்தும் அதை விட்டு இதை எடுக்காதீர்கள். வயர் போட வழியில்லாத இடத்தில் கண்ணை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல். விட வேண்டியது கண் மதிப்பைத்தான்.

சர்க்கரை நோயாளி, மூன்று குழாயிலும் அடைப்பு. க்யூ.எஃப்.ஆர். பார்த்து ஸ்டென்ட் வைத்தால் பைபாஸைத் தவிர்க்கலாமா?

அந்த எண்ணத்தில் தொடங்காதீர்கள். சர்க்கரையோடு பல குழாய் நோய் உள்ளவர்களுக்குப் பைபாஸே மேல் என்று 2012-இல் ஃப்ரீடம் ஆய்வு காட்டியது. மூன்று குழாய் நோயில் எஃப்.எஃப்.ஆர். பார்த்து வைத்த ஸ்டென்டும் ஓராண்டில் பைபாஸுக்கு ஈடாகவில்லை: பின்னால் தொந்தரவு வந்தவர்கள் ஸ்டென்டில் 10.6 சதவீதம், பைபாஸில் 6.9. அறுவை சிகிச்சை நிபுணரையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.

சி.டி. ஸ்கேனிலேயே எஃப்.எஃப்.ஆர். பார்க்கிறார்களே, அதற்கு என்ன தயாரிப்பு?

துடிப்பு 60-ஐ ஒட்டி இருக்க வேண்டும், நாக்கடியில் நைட்ரேட் கொடுத்திருக்க வேண்டும், மூச்சு அசையக் கூடாது. எண்ணை அடைப்பு முடிந்து 2 செ.மீ. தள்ளிப் படியுங்கள், குழாயின் வாலில் அல்ல. வாலில் எல்லோருக்கும் எண் குறையும். சுண்ணாம்பு நிறையப் படிந்த குழாயிலும், ஏற்கெனவே ஸ்டென்ட் உள்ள குழாயிலும் நம்ப வேண்டாம்.

க்யூ.எஃப்.ஆருக்கு அடினோசின் வேண்டுமா?

வேண்டாம். வேண்டியது நைட்ரோகிளிசரின்: 100 முதல் 200 மைக்ரோகிராம், கத்தீட்டர் வழியாக, ஷாட்டுக்கு முன். மேல் அழுத்தம் 90-க்குக் கீழே இருந்தால் கொடுக்காதீர்கள், அன்று க்யூ.எஃப்.ஆரும் பார்க்காதீர்கள்.