இரண்டு டாக்டர் கையெழுத்து

கேள்வி: விக்டோரியா காலத்து லண்டனில் நடக்கும் ஒரு மர்ம நாவல் படித்தேன். ஆவிகளோடு பேசும் மனைவியைப் பைத்தியம் என்று அடைத்துவைக்கப் பார்க்கிறான் புருஷன். இரண்டு டாக்டர்கள் கையெழுத்துப் போட்டால் போதுமாம். கதைக்காகக் கூட்டிச் சொன்னதா? (வாசகி, தக்கலை)

பதில்: கூட்டவே இல்லை. ஜார்ஜினா வெல்டன் என்ற பாடகியின் கதையைத் தேடிப் படியுங்கள். 1878-ல், பிரிந்திருந்த கணவரின் ஏற்பாட்டில் டாக்டர்கள் பொய்ப் பெயரில் வீட்டுக்கு வந்தார்கள். நைசாகப் பேச்சுக் கொடுத்துவிட்டுப் போய்ச் சான்றிதழ் எழுதினார்கள். ஆவி நம்பிக்கைதான் பைத்தியத்துக்கு அத்தாட்சி! பிடிக்க ஆள் வந்தபோது அம்மாள் தப்பிவிட்டார். ஏழு நாள் தலைமறைவு. அதற்குள் உத்தரவு காலாவதி. உடனே கேஸ் போடலாமென்றால், மனைவி தன் பேரில் வழக்கு நடத்த அன்று சட்டத்தில் இடமில்லை. 1882-ல் சட்டம் மாறிய பிறகு தானே கோர்ட்டில் நின்று வாதாடி, டாக்டர்களிடம் நஷ்டஈடு வாங்கினார்.

அந்த மாதிரி நாவல் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பார்வதிபுரத்துச் சித்தி ஞாபகம்தான். இசக்கியம்மன் கொடையில் நீலி கதை பாடி, வில்லுக்காரர்களின் குடம் வேகம் பிடித்ததும் சித்திக்கு அருள் வரும். புருஷன் பேரைக்கூடச் சொல்லாத மனுஷி, "ஏலே, எம் பிள்ள கம்மல எந்த வட்டிக்கடையில வச்ச?" என்பாள். சித்தப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "மீட்டுத் தாறேன் தாயே" என்று மஞ்சணை வாங்குவார். விடிந்தால், "சாயா எங்கட்டீ?" என்ற அதட்டல். அடுத்த வருஷக் கொடையிலும் சித்தி அதே கம்மலைத்தான் கேட்டாள்.

அதே காலத்து லண்டனில், ஆவியை வரவழைப்பதாகச் சொன்ன ஃப்ளாரன்ஸ் குக் என்ற இளம் பெண்ணின் ஆவிக் கூட்டத்துக்குப் பெரிய விஞ்ஞானி வில்லியம் க்ரூக்ஸே வந்து உட்கார்ந்தார். அவள் சொந்தமாக ஏதாவது சொல்லியிருந்தால் வந்திருப்பாரா? ஆனால் ஏமாற்றாமல் இருக்க, ஆவி வருமுன் அவளைக் கயிற்றால் கட்டி, முடிச்சில் அரக்கு முத்திரை வைப்பார்கள். எங்கள் சித்தியை யாரும் கட்டவில்லை. அந்த மட்டுக்கும் இசக்கி காப்பாற்றினாள்.

கேள்வி: அந்த ஆவிக் கூட்டங்களில் ஆவிகள் 'டொக் டொக்'கென்று தட்டிய சத்தம் எப்படி வந்தது? (வாசகர், குளச்சல்)

பதில்: கால்விரல் மூட்டில் நெட்டி முறித்துத்தான். 1848-ல் அமெரிக்காவில் அதைத் தொடங்கிவைத்த ஃபாக்ஸ் சகோதரிகளில் மார்கரெட், 1888-ல் நியூயார்க் மேடையில் செருப்பைக் கழற்றிச் செய்தே காட்டினார். மறு வருஷமே, சொன்னது பொய் என்று மாற்றிப் பேசினார். அதற்குள் கையில் காசில்லை, பாவம். நானும் முயன்று பார்த்தேன். சத்தம் வரவில்லை, சுளுக்கு வந்தது.